இரண்டாம் மேசை ஏன் பருத்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருடியது. போன ஞாயிற்றுக்கிழமை காலை என் அண்ணி அண்ணனிடம் எதையோ சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதில் மும்முரமாக இருந்தார். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அன்று மதியமே எழுத உட்கார்ந்துவிட்டேன். (இந்தப் பத்தியில் ஒரு பொய் இருக்கிறது. முடிவதற்குள் நானே சொல்லிவிடுவேன். இப்போது கேட்டால் சொல்ல மாட்டேன்.)

அண்ணிக்கு வேலை ஒரு மர ஆராய்ச்சி நிலையத்தில். ஊசியிலை மரங்களின் நாற்றுகள், அதாவது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத பைன் நாற்றுகள், வாரத்துக்கு எவ்வளவு பருக்கின்றன என்று அளப்பது. இதற்கெல்லாமா ஒரு ஆளை வைப்பார்கள் என்று நானும் ஒருமுறை கேட்டேன். அதன்பின் ஒரு வாரம் எனக்குக் காபி நானேதான் போட்டுக்கொண்டேன்.

கதைக்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பனி மூடிய அந்த அதிகாலையில், பைன் நாற்றுகள் தங்கள் பச்சை விரல்களால்

[இதை இங்கேயே நிறுத்தினேன். நிறுத்தியது நானில்லை, அண்ணி. எழுதிய தாளைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் தவறு. திரும்பி வரும்போது அவர் கையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். "பனி எங்கேர்ந்து வந்துச்சு? உள்ளே எப்பவும் இருபத்திநாலு டிகிரி. நான்தானே தினம் ரெண்டு வேளை பாக்கறேன்" என்றார்.]

"தாவர ஹார்மோன் என்பது செடியின் ஒரு பகுதியில் உருவாகி வேறொரு பகுதியில் வேலை செய்யும் ஒரு வேதிப்பொருள் ஆகும்."

[அண்ணி கொட்டாவி விட்டார். துறை சார்ந்தவரே கொட்டாவி விட்டால் மற்றவர்கள் கதி என்ன?]

"அவர் கொஞ்சம் குள்ளம்."

[இந்த இடத்தில் பென்சில் தாளைக் கிழித்துவிட்டது. ஓரத்தில் கொட்டை எழுத்தில் ஒரு திருத்தம்: ஐந்தடி.]

2

சரி, நேராகவே ஆரம்பிக்கிறேன்.

நிலையத்தில் எல்லோரும் அண்ணியை மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது "ஏறக்குறைய" என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டிலும் அப்படித்தான். குளியலறைக் கதவு உரசுகிறது என்று நாங்கள் சொன்னால், "மூணு மில்லிமீட்டர் சீவணும்" என்பார். தச்சர் வந்து சீவிப் பார்த்தால் மூன்றேதான்.

அவர் வேலை செய்யும் பசுமைக்குடிலில் மூன்று மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் நாற்பத்தெட்டு நாற்றுகள். முதல் மேசை நாற்றுகளின் தண்டைச் சுற்றி, மருந்து கலந்த களிம்பை மோதிரம் போலத் தடவியிருந்தார்கள். மருந்து என்றால் எத்திலீனை வெளிவிடும் ஒரு பொருள். காய்வெட்டாக இருக்கும் வாழைப்பழத்தைப் பழுத்த பழத்தோடு ஒரே பையில் கட்டிவைத்தால் சட்டென்று பழுக்கிறதல்லவா, அந்த வேலையைச் செய்யும் வாயுதான் எத்திலீன். அதுவும் ஒரு தாவர ஹார்மோன். பழத்தைப் பழுக்க வைப்பது பைன் நாற்றின் தண்டில் என்ன செய்கிறது, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வளர்படலத்தை ஏவிவிட்டுத் தண்டைப் பருக்கவைக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி.*

இரண்டாம் மேசைக்கும் அதே களிம்பு, ஆனால் மருந்து இல்லாமல். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுத்த வெறும் கொழுப்பு. மூன்றாம் மேசைக்கு ஒன்றுமே கிடையாது. இரண்டாவதும் மூன்றாவதும் மெலிந்தே இருந்து முதல் மேசை மட்டும் பருத்தால், பெருமை மருந்துக்குப் போகும்.

இதை நடத்துபவர் டாக்டரம்மா. ஊசி போடும் டாக்டர் இல்லை, மரங்களைப் படித்து வாங்கிய டாக்டர் பட்டம். [அவருடைய கண்ணாடி எப்போதும் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும், அதைத் தேடுவதில் அவருக்குப் பாதி நாள் போய்விடும்.] இந்த வாக்கியத்தை அடிக்கச் சொன்ன அண்ணி, கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்கட்டும், சிரிப்பாங்க" என்றார். யார் சிரிப்பார்கள் என்று அப்போது அவர் சொல்லவில்லை.

முதல் நாள் டாக்டரம்மாவே குடிலைச் சுற்றிக் காட்டினார். வாசலில் ஒரு பலகை: நாற்றுகளைத் தேவையின்றித் தொடாதீர்கள். இரண்டாம் மேசை கண்ணாடிச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அந்தச் சுவரில்தான் வெப்பமானி. காலையும் மாலையும் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி, அதன்மேல் படியும் ஈரத்தைத் துடைத்து, அளவைப் படிக்க வேண்டும்.

"முன்னாடி இருந்தவர் ஆறடி ஆளும்மா. நின்ன இடத்துலேர்ந்தே துடைச்சுடுவார். நீங்க அந்த முக்காலியைப் போட்டுக்கங்க" என்றார் டாக்டரம்மா.

மில்லிமீட்டர் மூலையில் கிடந்த முக்காலியைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், கல்யாண போட்டோவில் யாராவது ஒருவர் அவருக்கு ஒரு முக்காலியை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"வேணாம் மேடம். எட்டும்."

கதையின் வில்லன் இந்த ஒரு சொல்தான். வேறு வில்லனைத் தேடி அலையாதீர்கள்.

* தண்டின் நுனியிலிருந்து இறங்கிவரும் ஆக்சின் என்னும் இன்னொரு ஹார்மோனும் இதில் கூட்டு. இரண்டும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று அண்ணி ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்குப் புரிந்தது இந்த அடிக்குறிப்பின் முதல் வாக்கியம் மட்டும்.

3

எட்டு மாதம். ஒரு நாள் லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூடப் போய் வெப்பமானியைத் துடைத்துவிட்டுத்தான் வருவார். காய்ச்சலோடும் போனார். (இந்த எட்டு மாதத்தை எப்படிச் சுவாரசியமாக்குவது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நடுவில் ஒரு புயல் வைக்கலாமா, குடிலின் கண்ணாடி உடையட்டுமா என்று கேட்டேன். "என் கண்ணாடியை நீ உடைச்சுப் பாரு" என்றார் அண்ணி. ஆகவே எட்டு மாதமும் ஒன்றுமே நடக்கவில்லை.)

போன வாரம் புதன்கிழமை கணக்கெல்லாம் சேர்ந்தது. முதல் மேசை நன்றாகப் பருத்திருந்தது. மூன்றாம் மேசை மெலிந்திருந்தது. இரண்டாம் மேசை, அந்த வெறும் கொழுப்பு மேசை, முதல் மேசையோடு போட்டி போட்டுக்கொண்டு பருத்திருந்தது.

டாக்டரம்மா தாளை மூன்று முறை புரட்டினார். பிறகு எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீங்க தப்பா அளந்திருக்க..." என்று ஆரம்பித்து, மில்லிமீட்டரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விட்டார். "இல்லே, நீங்க தப்பா அளக்க மாட்டீங்க. அப்போ, அந்தக் கொழுப்புதான். கொழுப்புலேயே என்னமோ இருக்கு. இத்தனை வருஷமா எல்லாரும் அதை வெறும் களிம்புன்னு நெனச்சிட்டிருந்தோம்!"

அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த அறையிலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது, அங்கே கொழுப்பைப் பற்றிப் புதிதாக ஒரு வருட ஆராய்ச்சி கேட்கலாம் என்றார். "உங்க வேலையும் இந்த மாசத்தோட முடியுதுன்னு கவலைப்பட்டீங்களே? இன்னும் ஒரு வருஷத்துக்கு நீங்கதான் எனக்கு வேணும். உங்களை மாதிரி அளக்க யாரு இருக்கா?"

அன்று மில்லிமீட்டர் வீட்டுக்கு வரும்போது அண்ணனுக்குப் புதுச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு பேனா.

4

[இந்தப் பகுதியை எழுதும்போது இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தேன். நல்லவிதமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒருவருடைய வாழ்க்கையில் கதாசிரியன் கையை வைப்பது கொஞ்சம் கொடுமைதான். ஆனால் கையை வைத்தது நான் இல்லை. கை, மன்னிக்கவும், அவருடையது.]

சராசரி என்று ஒன்று இருக்கிறதே, அது மில்லிமீட்டருக்கு "ஏறக்குறைய"வின் பங்காளி மாதிரி. வியாழக்கிழமை அவர் இரண்டாம் மேசையை ஒரு வரைபடத் தாளில் வரைந்தார். ஒரு நாற்றுக்கு ஒரு கட்டம். பருத்ததற்குச் சிவப்பு, மெலிந்ததற்கு வெள்ளை. கொழுப்புதான் காரணம் என்றால் நாற்பத்தெட்டும் சிவக்க வேண்டும். சிவந்தவை முப்பத்தொன்று. அவையும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை. முன்வரிசையின் நடுவில் நான்கைந்து. அங்கிருந்து கண்ணாடியை நோக்கி அகன்றுகொண்டே போகும் ஒரு கூட்டம். மேசையின் இரண்டு ஓரங்களும் வெள்ளை.

எதுவோ தெரிந்த உருவம் மாதிரி இருந்தது. எதுவென்று பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டே சுற்றினார்.

சனிக்கிழமை காலை வெப்பமானியைத் துடைக்கக் கையை நீட்டியபோது, முழங்கைக்குக் கீழே சரசரவென்று ஒரு சத்தம். எட்டு மாதமாகக் கேட்டுப் பழகிப்போன சத்தம். மில்லிமீட்டர் நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

அவர் போட்டிருந்த வேலை அங்கி, முன்னாடி இருந்த ஆறடி ஆளுக்குத் தைத்தது. கை தொளதொளவென்று தொங்கும். எழுது பலகையை ஒட்டியிருந்த டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தார், பொடியாக்கினார், அங்கியின் இரண்டு கைகளிலும் வயிற்றுப் பக்கத்திலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டார். பிறகு எப்போதும் போல மேசைமேல் சாய்ந்து, கையை நீட்டி, வெப்பமானியைத் துடைத்தார். விலகி நின்று பார்த்தார்.

முப்பத்தொரு நாற்றுகளின் தலையில் வெள்ளைப் பொடி. முன்வரிசையில் இருந்த நான்கைந்து, வயிறு. மற்றவை, கை.

காரணம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது, ஏனென்றால் அதை முதல் நாளே டாக்டரம்மா சொல்லியிருந்தார். காற்றில் ஆடுகிற நாற்றும் அடிக்கடி உரசப்படுகிற நாற்றும் எத்திலீனைத் தாமே கூடுதலாக உண்டாக்கிக்கொள்ளும். உயரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, விழாமல் இருக்கத் தண்டைத் தடிக்கவைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் வாசலில் அந்தப் பலகை. மில்லிமீட்டர் ஒரு நாளும் விரலால் தொட்டதில்லை. சட்டைக்கையும் கைதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாளுக்கு இரண்டு வேளை, எட்டு மாதம். முதல் மேசைக்கு டாக்டரம்மா களிம்பில் வைத்துக் கொடுத்த மருந்தை இரண்டாம் மேசை தானே சமைத்துச் சாப்பிட்டிருக்கிறது.

[இங்கே நான் எழுதியது: "எழுத்தும் இப்படித்தான் வாசகரே, தொடத் தொடத்தான் ஒரு கதையின் தண்டு" அண்ணியின் பென்சில்: உவமை வேண்டாம். இது என் வேலை.]

மூலையில் முக்காலி இருந்தது. அதன்மேல் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

5

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

முதல் முடிவு. மில்லிமீட்டர் சாக்பீஸ் பொடியைத் தட்டிவிடுகிறார். வாயைத் திறக்கவில்லை. கொழுப்பு ஆராய்ச்சி தொடங்குகிறது. அடுத்த வருடம் அவர் முக்காலி போட்டு நிற்கிறார். இரண்டாம் மேசை மெலிந்துபோகிறது. டாக்டரம்மா ஏன் என்று தெரியாமல்

"நிறுத்து" என்றார் அண்ணி. "அவங்க நாலு பேர் முன்னாடி போய் கொழுப்பு, கொழுப்புன்னு பேசுவாங்க. இன்னொரு ஊர்ல எவனாவது தடவிப் பாத்துட்டு ஒண்ணுமே ஆகலைன்னு சொல்லுவான். அவங்க தலை குனியறதை நான் அளந்துக்கிட்டு இருக்கணுமா?"

இரண்டாம் முடிவு. மில்லிமீட்டர் உண்மையைச் சொல்கிறார். டாக்டரம்மா வெகுண்டெழுந்து தேநீர்க் கோப்பையைச் சுவரில் எறிகிறார். "எட்டு மாதம் பாழ்! வெளியே போ!"

"அவங்க அப்படியெல்லாம் பேசவே மாட்டாங்க. கோபம் வந்தா பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவாங்க, அவ்வளவுதான். அதைத்தான் என்னால பாக்க முடியாது."

மூன்றாம் முடிவு. சட்டைக்கை ஒரு மாபெரும் கண்டுபிடிப்பாகிறது. மில்லிமீட்டருக்கு மாலை, மேடை, கைதட்டல்.

"தம்பி, உரசினா பருக்கும்னு உலகத்துக்கே தெரியும். வாசல்ல போர்டே இருக்கு. போர்டைப் படிக்கத் தெரியாதவளுக்கு மாலையா?" என்று சொல்லிவிட்டு அண்ணி சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது. நான் பார்க்காத மாதிரி பேனா மூடியைத் திறந்து மூடினேன். அந்தப் பேனா அவர் வாங்கிக் கொடுத்தது.

எனக்கு அண்ணியை ரொம்பப் பிடிக்கும். கதைக்குள் இதைச் சொல்லக்கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன்.

6

இப்போது அந்தப் பொய்.

நான் எதையும் திருடவில்லை. அண்ணன் ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றியது மட்டும் நிஜம். ஞாயிற்றுக்கிழமை மதியம், அண்ணி மாடியில் என் அறைக்கு வந்தார். கையில் வரைபடத் தாள், தோளில் சாக்பீஸ் அப்பிய அங்கி. நாற்காலியில் இருந்த புத்தகங்களைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"நீ கதை எழுதறவன்தானே? இதை எழுதிக் குடு."

"எதுக்கு அண்ணி? நேரா போய்ச் சொல்லிடுங்களேன்."

"ரெண்டு தடவை அவங்க அறை வாசல் வரைக்கும் போனேன். வாயைத் திறந்தா அழுகைதான் வருது. நான் அழுதா அவங்களும் உக்காந்து என்னைச் சமாதானம் பண்ணிட்டு, விஷயத்தை விட்டுடுவாங்க. நீ எழுதினா கொஞ்சம் சிரிப்பாங்க. சிரிச்சுட்டுக் கோபப்பட்டா எனக்குத் தாங்கும்."

"பிரிட்ஜ் மேலே வெச்சேன், நீங்க கண்டுபிடிச்சீங்கன்னு எழுதிக்கட்டுமா? கதைன்னா ஒரு திருட்டு இருந்தா நல்லா இருக்கும்."

"என்னவோ பண்ணு. ஆனா அளவு ஒண்ணுகூடத் தப்பா இருக்கக்கூடாது."

ஆக, பொதுவாக "வாசகரே" என்று நான் இதுவரை யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேனோ, அவர் ஒரே ஒருவர்தான். டாக்டரம்மா, வணக்கம். நான் மில்லிமீட்டரின் கொழுந்தன். இந்தத் தாள்களை வியாழக்கிழமை காலை, நாளைக்குக் குழு கூடும் முன், உங்கள் மேசையில் வைத்தது அவர்தான். கடைசித் தாளோடு குண்டூசி போட்டு இணைத்திருப்பது வரைபடம். நாற்காலி முதுகில் தொங்குவது அந்த அங்கி. எடுக்கும்போது பார்த்து எடுங்கள், உங்கள் சேலையெல்லாம் வெள்ளையாகிவிடும். கண்ணாடியைப் பற்றி இரண்டாம் பகுதியில் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். உங்களை நான் பஸ் நிறுத்தத்தில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அப்போதும் அது தலைமேல்தான் இருந்தது.

(வேறு யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகே இதை வெளியே கொடுப்பேன் என்று அண்ணிக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்பதிலிருந்து நீங்கள் எதை ஊகித்துக்கொண்டாலும் அது உங்கள் பாடு.)

முடிவை நான் எழுதப்போவதில்லை. இதுவரை எழுதிய மூன்றையும் அண்ணி அடித்துவிட்டார். நான்காவது உங்களிடம் இருக்கிறது. இரண்டாம் மேசையைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். ஓரத்தில் உரசாமல் மெலிந்து நிற்கும் பதினேழு நாற்றுகளை மட்டும் வைத்து உங்கள் மருந்தின் பெருமையை ஓரளவு காப்பாற்றலாமா என்று அண்ணிக்கு ஒரு யோசனை இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த மாதத்தோடு கணக்கை முடித்து அவரை வீட்டுக்கும் அனுப்பலாம். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் ஒரு வாரம் வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சீவ வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இது ஒன்பது பக்கம். நீங்கள் ஒரு வரி விடாமல் படிப்பவர் என்று அண்ணி சொன்னார். அப்படியென்றால் அவர் உங்கள் அறைக்கு வெளியே அரை மணி நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், மூடியது போதும், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறங்கள். பார்க்கும்போது எதிரே தேடாதீர்கள், கொஞ்சம் கீழே பாருங்கள். குடிலின் மூலையிலிருந்து அந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன்மேல் உட்கார்ந்திருப்பார்.

[பென்சிலில், வேறு கையெழுத்தில்:]

எல்லாம் சரிபார்த்தேன். ஒரே ஒரு அளவு தப்பு. முதல் பகுதியில் ஐந்தடி என்று இருப்பதை அடித்துவிட்டு இப்படிப் படிக்கவும்: உயரம் 1461 மி.மீ., செருப்பு இல்லாமல், மூன்று முறை அளந்தது. எட்டாது மேடம்.